படம் முன்னோ? பார்வை முன்னோ?

தலையோட்டைத் திறவாமலே மூளையைக் காண மனிதன் நெடுங்காலம் ஏங்கினான். 1971ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி அவ்வேக்கத்தைத் தீர்த்தது. 1979இல் அவருக்கும் கார்மாக்கிற்கும் கிடைத்த நோபல் பரிசு தகுதிக்குக் கிடைத்த பரிசே. ஆயினும், கருவி இருக்கின்றது என்பதற்காகவே தலையில் இலேசாக அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் அனைவரையும் அதனுள் கிடத்துவதுதான் முறை என்போர் இன்று பலர். அவர்தம் வாதம் ஏற்புடையதன்று.

"ஓர் உயிர் தவறினாலும் யார் பொறுப்பு?" என வினவுவர் அவர். வினா நேர்மையானது. விடையும் உண்டு. கனடாவின் பத்து மருத்துவமனைகளில், அடிபட்டபின் சற்றே நினைவிழந்தோ, நடந்ததை மறந்தோ, குழம்பியோ வந்த 3,121 பேரை டாக்டர் இயன் ஸ்டீல் குழுவினர் ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் மூளை அறுவை போன்ற சிகிச்சை தேவைப்பட்டோர் 44 பேரே. அந்த 44 பேரில் ஒருவரையும் தவறவிடாத ஐந்து குறிகளை ஆய்வு கண்டது. அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு திரும்பாமை. மண்டையோடு பிளந்தோ அமுங்கியோ இருக்கலாம் என்னும் ஐயம். மண்டையோட்டின் அடித்தளம் முறிந்தமைக்கான அடையாளம். இருமுறையோ அதற்கு மேலோ வாந்தி. 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது. இவற்றின்படி ஸ்கேன் தேவைப்பட்டோர் நூற்றுக்கு 32 பேர். அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ நினைவில் இல்லாமை, வாகனம் மோதுதல், உயரத்திலிருந்து விழுதல் போன்றவற்றையும் சேர்த்தால் 54 பேர். எஞ்சியோரைக் காத்தது கருவியன்று. மருத்துவரின் கேள்வியும் கண்ணுமே.

இவ்விதி பிறந்த மண்ணிலேயே நிகழ்ந்தது யாது? பன்னிரண்டு மருத்துவமனைகளில் இதைப் பரப்ப முயன்ற ஆய்வு 2010இல் வெளிவந்தது. விதியைப் புகுத்திய மருத்துவமனைகளில் ஸ்கேன் 62.8 விழுக்காட்டிலிருந்து 76.2 விழுக்காட்டிற்கு உயர்ந்தது! விதியை அறிவது வேறு. அதற்குக் கட்டுப்படுவது வேறு. வழக்குக்கு அஞ்சும் மருத்துவரும், "படம் எடுத்தால்தான் நிம்மதி" என்னும் உறவினரும் இருக்கும் வரை, ஏட்டிலுள்ள விதி ஏட்டிலேயே உறங்கும்.

"படம் எடுத்தால் என்ன கெட்டுவிடும்?" எனக் கேட்கலாம். தலைக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேன் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைத் தருகின்றது. அதனால் வரும் கேடு சிறிதே. ஆனால் இளஞ்சிறார்க்கு அது பெரியோரினும் மிகுதி. மேலும், தேவையற்றவர் கருவியில் கிடக்கும் நேரத்தில், பக்கவாதத்தால் துடிப்பவர் வாயிலில் காத்திருப்பாரல்லவா?

இதனைக் கேட்டு, "அப்படியாயின் ஸ்கேனே வேண்டாம்" எனத் துள்ளுவோரும் தவறு செய்கின்றனர். படியில் சறுக்கி விழுந்து நினைவு தப்பிய எழுபது வயது முதியவர் நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்புவது சிக்கனமன்று, கவனக்குறைவே. அவர் வயதொன்றே படமெடுக்கப் போதிய காரணம். குருதி உறையாதிருக்க மருந்துண்போர், அடிபட்டபின் வலிப்பு வந்தோர், பதினாறு வயது நிரம்பாதோர் ஆகியோரை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. அவர்க்கு இவ்விதியைப் பொருத்துவதும் பிழையே. ஸ்கேனின்றி வீடு செல்வோரையும் வெறுங்கையராய் அனுப்பலாகாது. தலைவலி கடுமையானாலோ, மயக்கம் வந்தாலோ, மீண்டும் வாந்தி எடுத்தாலோ உடனே திரும்புக என்று வீட்டாரிடம் எடுத்துரைப்பது மருத்துவத்தின் ஒரு பகுதியே.

எல்லார்க்கும் படம் என்பது அச்சம். எவர்க்கும் வேண்டா என்பது அலட்சியம். இரண்டும் நோயாளியை நேரே நோக்க மறுக்கின்றன. எப்போது விழுந்தார், எங்ஙனம் விழுந்தார், எதை மறந்தார் எனக் கேட்டறிந்து, தொட்டுப் பார்த்து, அதன் பின்னர் முடிவு செய்வதே மருத்துவம். அக்கேள்விகளுக்குச் சில மணித்துளிகள் போதும். அவற்றைக் கேட்காமல் எடுக்கப்படும் படமும், கேட்காமல் மறுக்கப்படும் படமும் ஒரே குற்றத்தின் இரு முகங்களே!