தாய் முத்திரையும் தந்தை முத்திரையும்

ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டு கிராமத்தில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தனர். பல்லவர் காலக் கட்டட அமைப்பும், அதைவிட மிகப் பழமையான கற்கருவிகளும் கிடைத்தன. முன்னோரின் தடயங்கள் மண்ணில் மட்டுமா உள்ளன? நம் செல்களிலும் உள்ளன. அவற்றைப் பற்றியும், அவற்றையொட்டி நம் வீடுகளில் நிலவும் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றியும் இளம் வாசகர்களிடம் பேச விரும்புகிறேன்.

மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. எது யார் தந்தது என்பதால் வேறுபாடு இல்லை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணினர்.

1984-இல் இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும், அமெரிக்காவில் டாவர் சோல்ட்டரும் தத்தம் குழுவினருடன் எலிகளின் கருமுட்டைகளில் சோதனை செய்தனர். சில முட்டைகளில் இரண்டு உட்கருக்களும் தாய்வழி. வேறு சிலவற்றில் இரண்டும் தந்தைவழி. மரபணுக்களின் எண்ணிக்கையில் குறை ஏதுமில்லை. ஆயினும் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை! என்ன காரணம்?

சில மரபணுக்களின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி முத்திரைபோல் பதிகிறது. இதனால் இரண்டு பிரதிகளில் ஒன்று உறங்குகிறது. மற்றது மட்டும் வேலை செய்கிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதைப் படிக்க முடியாமல் பக்கம் ஒட்டப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான். மனிதனின் ஏறக்குறைய 20,000 மரபணுக்களில் சுமார் 100 மட்டுமே இவ்வகை.

அவற்றுள் ஒன்று ஏ.ஆர்.எச்.ஐ. செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது இதன் வேலை. தாய் தந்த பிரதி உறங்க, தந்தை தந்த பிரதி காவல் காக்கிறது. இரண்டு காவலர் இருந்தால் ஒருவர் வீழ்ந்தாலும் மற்றவர் இருப்பார். இங்கே இருப்பவர் ஒருவரே! அந்தப் பிரதி அழிந்தாலோ, அதன்மேலும் முத்திரை விழுந்தாலோ காவல் போயிற்று. மார்பகப் புற்றுக் கட்டிகள் பலவற்றில் இந்த மரபணு ஓய்ந்து கிடப்பதை 1999 முதல் ஆராய்ச்சியாளர் கண்டுவருகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கோளாறு பொதுவாக ஒரு பெண்ணின் வாழ்நாளில், அவளுடைய மார்பகச் செல்லில் நேர்வது. அவள் அதைக் கருவிலேயே கொண்டு வரவில்லை. மகளுக்குக் கொடுப்பதும் இல்லை. மார்பகப் புற்றில் நேரடியாகப் பரம்பரையால் வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அதற்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறுகளும் தாய்வழியில் மட்டுமல்ல, தந்தைவழியிலும் வரக்கூடும்.

நம் வீடுகளிலோ என்ன நடக்கிறது? "அவள் தாய் வீட்டு நோய்" என்று கிசுகிசுக்கிறோம். மகளின் திருமணம் தடைப்படுமோ என அஞ்சி, கட்டி இருப்பதையே மறைக்கும் தாய்மார் உண்டு. அந்த மௌனத்தால் நோய் முற்றுகிறது. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாக்கக்கூடிய நோய் இது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் கிசுகிசுப்பது முறையா?

30 வயது கடந்த பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். ஆனால் ஒரகடம் பகுதியில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே பரிசோதனை அவளைத் தேடித் தொழிற்சாலை வாயிலுக்கே வரவேண்டும். அந்த நாளுக்குக் கூலியும் வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்களே, உங்கள் பங்கும் ஒன்று உண்டு. இன்றிரவு இந்தக் கட்டுரையை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அப்பாவும் அருகில் இருக்கட்டும்.