‘லைன்’ என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளால் ஆன சொல் ‘லைன்’. இதன் பொருள் யாது என்று நம் பள்ளி மாணவரை வினவினால், ‘கோடு’ என்று உடனே விடை வரும். விடை தவறன்று; ஆயினும் அது போதாது என்பதே நம் கருத்து.

துணி நெய்ய நார் தரும் ஆளிச்செடியை இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பர். அந்நாரால் திரித்த நூல் ‘லீனியா’. அவ்வழி வந்ததே ‘லைன்’. நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்குமன்றோ? ஆகவே நேராக நீண்டவை பலவும் அப்பெயரைப் பெற்றன. துணி உலர்த்தும் கொடியும் ‘லைன்’. செய்யுளின் அடியும் ‘லைன்’. கடை முன்னே காத்து நிற்கும் வரிசையும் ‘லைன்’. சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இருப்புப்பாதையும் ‘லைன்’தான்.

தோட்டத்துப் பெற்றோர்க்கு இச்சொல் புதிதன்று. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத் துரைமார் ‘லைன்’ என்றனர். நம் முன்னோர் நாவில் அது ‘லயன்’ ஆகி, ‘லயம்’ ஆகி, தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கலாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். ஆனால் ரப்பர் மர வரிசையை நம்மவர் ‘லைன்’ என்று அழைக்கவில்லை. ‘நிரை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே ‘நெரை’ என்று வழங்கினர். இரவல் வாங்குவதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது!

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனப் பட்டியலிட்டு மனனம் செய்யும் வழக்கம் நீங்க வேண்டும். ‘ஐந்து லைன் எழுதுக’ என்றதும் ஐந்து கோடு கிழித்து வைக்கும் பிள்ளையை நகைத்துப் பயனில்லை. பட்டியலில் உள்ளதைத்தானே அவன் செய்தான்? தமிழில் ‘பால்’ என்பது குடிப்பது. மங்கில் வடிவதும் பால். இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால். இவற்றுள் எதையும் நம் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதில்லை. காரணம், அச்சொல்லைப் பட்டியலில் அன்றிப் பேச்சில் கற்றனர். ஆங்கிலச் சொல்லையும் வாக்கியத்தில் வைத்தே கற்பிக்க வேண்டும்.

‘எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ரப்பர் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. லயம் எப்படி இருந்தது, எத்தனை வீடுகள் ஒரு கூரையின்கீழ் நின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ‘லைன்’ என்ற சொல்லைப் பற்றிய அந்தப் பாடத்தை வகுப்பறையில் நடத்த எங்களால் இயலாது.