இரண்டு பேர் தூக்கக்கூடிய கோயில்

போன மாதம் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தது. ரூம் மேட்ஸ் எல்லாரும் டல்லஸ் போய் நல்ல தோசையாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார்கள். நான்தான் அடம்பிடித்து யுரேகா ஸ்பிரிங்ஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "பிள்ளையார் கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கிற ஆளு நீ, உனக்கு எதுக்குடா சர்ச்?" என்று வழி முழுக்க ஒரே கிண்டல்.

போன இடம் தார்ன்கிரவுன் சிற்றாலயம். ஆர்கன்சா மாநிலத்தில் ஓசார்க் மலைக் காட்டுக்குள் இருக்கிறது. ஃபயட்வில்லிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணம். காரைக் கீழே நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முதலில் வெறும் மரங்கள்தான் தெரிந்தன. கிட்டே போன பிறகுதான் அதில் சில மரங்கள் சதுரமாக இருப்பது தெரிந்தது. அதுதான் கோயில்!

அளவு என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. அகலம் 24 அடி, நீளம் 60 அடி. ஆனால் உயரம் 48 அடி. சுவர் என்று எதுவும் கிடையாது. பைன் மரச் சட்டங்கள், நடுவில் கண்ணாடி, கீழே கல் தளம், அவ்வளவுதான். மொத்தம் 425 ஜன்னல்கள். சட்டங்களுக்குச் சாம்பல் நிறச் சாயம் பூசியிருக்கிறார்கள், வெளியே நிற்கும் மரங்களின் பட்டை நிறத்தோடு ஒத்துப்போகிற மாதிரி. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால் காட்டுக்குள் உட்கார்ந்த மாதிரியேதான் இருக்கிறது. வழி முழுக்கக் கிண்டல் பண்ணின கும்பல் அங்கே பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அதிசயம்தான்.

இதைக் கட்ட வைத்தவர் ஜிம் ரீட் என்ற ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீடு கட்டிக்கொள்ளலாம் என்று வாங்கிப் போட்ட நிலம் இது. ஆனால் மலைக் காட்சியைப் பார்க்க வழிப்போக்கர்கள் வந்து நின்றுகொண்டே இருந்தார்களாம். நம்மில் பலர் முள்வேலி போட்டிருப்போம். அவர் வருகிறவர்கள் உட்காரட்டும் என்று ஒரு சிற்றாலயம் கட்ட முடிவு செய்தார். பிராங்க் லாய்ட் ரைட்டிடம் பயிற்சி பெற்ற ஃபே ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்துக் கொடுத்தார். 1980-ல் திறந்தார்கள்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

ஜோன்ஸ் இந்தக் கட்டடத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்து காட்டுவழியாகத் தூக்கிக்கொண்டு வர முடிகிற அளவுக்கு மேல் எந்த மரச் சட்டமும் இருக்கக் கூடாது. பெரிய சட்டம் என்றால் பெரிய வண்டி வரும். வண்டி வந்தால் பாதை வேண்டும். பாதை வேண்டுமென்றால் மரத்தை வெட்ட வேண்டும். எந்தக் காட்டைப் பார்ப்பதற்காகக் கோயில் கட்டுகிறோமோ அதையே அழித்துவிட்டு எதைப் பார்ப்பது? சிவில் படிக்கிற நண்பர்களே, நம் செமஸ்டர்களில் இப்படி ஒரு விதியை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

எனக்கு இது உறைக்கக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரிலும் ஒரு மலைக்கோயில் உண்டு. நடந்துதான் ஏற வேண்டும். இப்போது கோயில் கமிட்டி மேலே ஒரு கல்யாண மண்டபம் கட்டப் போகிறது, அதற்காக லாரி போகிற ரோடும் போடப் போகிறது. கமிட்டியில் பொருளாளர் வேறு யாருமில்லை, எங்கப்பாதான்.

ஊர் திரும்பிய ராத்திரியே போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நீ அங்கே உட்கார்ந்துக்கிட்டு பேசுவப்பா. உங்க அம்மாச்சி கடைசி அஞ்சு வருஷம் அந்தச் சாமியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துச்சு. அது தெரியுமா உனக்கு?"

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். லாரி கேட்பது அம்மாச்சி இல்லை, மண்டபம். முடியாதவர்கள் சாமி பார்ப்பது வேறு, ஐந்நூறு பேருக்குப் பந்தி போடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் மலை போகிறது. தார்ன்கிரவுனிலும் கூட்டம் பெருகத்தான் செய்தது. அவர்கள் சிற்றாலயத்தை இடித்துப் பெரிதாக்கவில்லை. அதே ஜோன்ஸை வைத்து, வளாகத்தில் தனியாக ஒரு பெரிய வழிபாட்டு மண்டபம் கட்டினார்கள், 1989-ல். எங்கள் மண்டபத்தையும் அடிவாரத்தில் கட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

காப்பாற்றுவது ஒருநாள் வேலையும் இல்லை. 2013-ல் தார்ன்கிரவுனுக்குப் பக்கத்திலேயே 345 கிலோவோல்ட் மின்பாதை போட ஒரு திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், 2014 கடைசியில் அது கைவிடப்பட்டது. எதிர்க்க ஆள் இருந்ததால் காடு இருக்கிறது.

அப்பாவுக்கு இதையெல்லாம் கடிதமாகவே எழுதிவிட்டேன். போனில் என்றால் சண்டையாகிவிடும். அம்மாச்சியைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். நாலு பேர் இருந்தால் டோலியில் தூக்கிப் போயிருக்கலாம். பேரன்கள் நாங்களே நாலு பேர் இருந்தோம். யாருக்கும் அது தோன்றவில்லை. அதற்கு ரோடு இல்லாதது காரணமில்லை.

அப்பாவின் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது.

உங்கள் ஊர் மலை எப்படி இருக்கிறது?