காட்டுநாய்களைக் காணச் செல்லுமுன்

ஓய்வுபெற்ற பத்திரிகை நண்பரொருவரும் நானும் அடுத்த வருடம் ஆபிரிக்காவுக்குச் சென்றுவரத் திட்டமிட்டு வருகிறோம். சிங்கத்தையோ யானையையோ பார்ப்பதல்ல எமது முதல் நோக்கம். அழிவை எதிர்நோக்கியிருக்கும் காட்டுநாய்களைப் பார்ப்பதேயாகும். சிம்பாப்வேயின் மனா பூல்ஸ் வனத்தில் வாழும் இந்நாய்களைப் பற்றி 2018 இல் பி.பி.சி. தயாரித்த நிகழ்ச்சியைப் பார்த்த நாளிலிருந்து நண்பருக்கு இந்த ஆசை. "நாய் பார்ப்பதற்கு ஆபிரிக்காவுக்கா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்பதில் தவறில்லை. ஆனால், ஒரு காலத்தில் ஆபிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் திரிந்த இவ்விலங்குகளில் சுமார் 6,600 மாத்திரமே எஞ்சியிருப்பதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2012 ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. அவற்றிலும் இனப்பெருக்கத்தில் ஈடுபடக்கூடியவை சுமார் 1,400 தான். ஏனைய மிருகங்களைக் கொன்றுதீர்க்கும் கொடிய பிராணிகளென்று கருதி, வனக் காவலர்களே இவற்றைச் சுட்டுத்தள்ளிய காலமொன்று இருந்தது. இன்றோ, வேறு விலங்குகளுக்கு வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளிலும் வீதிகளில் வாகனங்களிலும் சிக்கி இவை மடிகின்றன. கிராமத்து நாய்களிடமிருந்து தொற்றும் விசர்நோய் ஒரு கூட்டத்தையே இல்லாமற் செய்துவிடக்கூடியது.

இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. ஒரு கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றர் பரப்பில் ஓடித்திரியும். இன்று ஓரிடத்தில் கண்டால் நாளை அங்கிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆபிரிக்காவின் தென்பகுதியில் குட்டிகள் பிறந்து வளையிலிருக்கும் மாதங்கள் மட்டுமே விதிவிலக்கு. பெரும்பாலும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான அந்நாட்களில் கூட்டம் முழுவதும் வளையைச் சுற்றியே நடமாடும். எனவேதான், "ஜூலையில் வாருங்கள், நிச்சயமாகக் காட்டுகிறோம்" என்று பயண முகவர் ஒருவர் எமக்கு எழுதினார்.

அந்த 'நிச்சயமாக' என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. ஒரு கூட்டத்தில் பொதுவாக ஒரு சோடியே குட்டிகளை ஈனும். ஏனையவை வேட்டையாடி வந்து, உண்டதைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டும். அத்தகைய வளையின் வாயிலில் வாகனங்கள் அணிவகுத்தால் என்ன நேரும்? தொல்லை பொறுக்காத தாய், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் தேடவேண்டியதுதான். சிங்கமும் கழுதைப்புலியும் திரியும் காட்டில் அது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமுமில்லை.

ஆகவே, குட்டிகள் வளையை விட்டு வெளியேறிக் கூட்டத்துடன் ஓடத்தொடங்கிய பின்னர், செப்டெம்பர் இறுதியில் செல்வோமென நண்பரிடம் கூறினேன். வரட்சிக் காலமாதலால் ஆற்றோரங்களில் காணும் வாய்ப்பு அப்போதும் உண்டு. வாகனம் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படும், எத்தனை நிமிடங்கள் தரித்துநிற்கும் என்பதை முகவரிடம் முன்கூட்டியே கேட்டறியவும் தீர்மானித்துள்ளோம்.

"இவ்வளவு செலவழித்துப் போய்க் காணாமல் திரும்பினால்?" என்று நண்பர் கேட்டார்.

திரும்புவோம். நாம் காணாத நாய்கள் அங்கே உயிரோடு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பயணம் வீணானதென நான் கருதமாட்டேன். நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை.