வெல்ல முடியாதவர் கையில் வெற்றி

குவியல்களிலிருந்து மாறி மாறிக் காய்களை எடுக்கும் நிம் ஆட்டத்துக்குப் பெயர் வைத்து அதன் கணக்கை முழுசாகத் தீர்த்தவர் ஹார்வர்டு பேராசிரியர் சார்லஸ் பூட்டன், ஆண்டு 1901. இருவர் ஆடினால், எந்த நிலையைப் பார்த்தும் வெற்றி யாருக்கு என்று சொல்லிவிடலாம். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தத் தெளிவு போய்விடுகிறது. ஆட்டக் கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதன் எளிய வடிவத்தை ஆடிப் பார்க்கப் புளியங்கொட்டை போதும். ஒரே குவியல், ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும், கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. மூன்று பேரில் முதல் ஆட்டம் உங்களுடையது. குவியலில் மூன்று இருந்தால், நீங்கள் எதை எடுத்தாலும் மிச்சத்தை அடுத்தவர் அள்ளிக்கொள்வார். நான்கு இருந்தால்தான் விஷயமே. ஒன்றை எடுத்தால் அடுத்தவர் மூன்றில் மாட்டிக்கொள்ள, மூன்றாமவர் வெல்வார். இரண்டை எடுத்தால் அடுத்தவரே வெல்வார். உங்களுக்கு எந்த வழியிலும் வெற்றி இல்லை, ஆனால் வெல்பவரைத் தீர்மானிப்பது நீங்கள். தொங்கு சட்டசபையில் நாலைந்து இடம் பிடித்த கட்சியின் நிலைமை.

ஐந்து இருந்தால் இன்னும் சிக்கல். இரண்டை எடுத்தால் தோல்வி உறுதி. ஒன்றை எடுத்தால் அடுத்தவர் அந்த நான்கில் வந்து நிற்பார். உங்களை ஜெயிக்கவிடுவதா, மூன்றாமவரையா என்பது அவர் மனசு. அதற்கு ஏது சூத்திரம்? 1978-ல் லி என்ற ஆய்வாளர், வெல்ல முடியாதவர் அடுத்த இடத்துக்காவது முயல்வார் என்று விதி வைத்துக்கொண்டார். கணிதவியலாளர் ஜேம்ஸ் ப்ராப், மற்ற இருவரும் கூட்டுச் சேர்ந்தாலும் ஒருவர் வெல்லக்கூடிய நிலைகள் எவை என்று தேடினார். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் லியின் விதி, தோற்பவரின் குணத்தை நாமே எழுதி வைப்பது.

அடுத்தவர் காசைச் சுண்டிப் போட்டு ஆடுகிறார் என்று வையுங்கள். பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் இரண்டு. மூன்றாமவர் யோசித்தே ஆடுகிறார். இப்போது ஐந்தில் ஒன்றை எடுத்தால் உங்கள் வாய்ப்பு சரிபாதி; இரண்டை எடுத்தால் பூஜ்யம். எதை எடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. குருட்டாம்போக்கில் ஆடுபவர் ஆட்டத்தைக் கலைத்துவிடுவார் என்றுதான் தோன்றும். உண்மையில் இங்கே கணக்கைக் காப்பாற்றுவது அவர்தான். கணக்குக்குள் அடங்காதவர், தோற்றுப்போன புத்திசாலி.

மூன்று பேர் ஆட்டத்தைப் படிக்க வருகிறவர்கள் காசு சுண்டுபவரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். மற்ற இருவருமே சுண்டி ஆடினால், ஐந்தில் ஒன்றை எடுத்த உங்கள் வாய்ப்பு நாலில் மூன்று பங்காக உயரும். கொட்டைகளை வைத்துச் சரிபார்த்துப் பாருங்கள்.