திட்டமிடச் சொல்கிறார்கள், எதைக் கொண்டு?

மகிழ்ச்சியான ஓய்வுக்காலத்துக்கு இன்றே திட்டமிடுங்கள் என்று வங்கிகளும் பரஸ்பர நிதி முகவர்களும் ஓயாமல் உபதேசிக்கின்றனர். இருபத்தைந்து வயதில் தொடங்கி மாதந்தோறும் ஐயாயிரம் ஒதுக்கினால் அறுபதில் கவலையில்லையாம். திருமலையில் விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியும், சித்தூர் மாங்கூழ் ஆலையில் பருவத்துக்கு மட்டும் வேலை பெறும் பெண்ணும் அந்த ஐயாயிரத்தை எதிலிருந்து ஒதுக்குவார்கள்? வீட்டு வாடகையிலிருந்தா, பிள்ளையின் கல்விக் கட்டணத்திலிருந்தா?

முதுமை தனிமனிதரின் சேமிப்புத் திறமைக்கு வைக்கப்படும் தேர்வு அன்று. ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடையல்ல, செய்து முடித்த பணிக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. ஆனால் 2004 ஜனவரி 1 முதல் வாஜ்பாய் அரசு, புதிதாகப் பணியில் சேர்வோரின் ஓய்வூதியத்தைப் பங்குச் சந்தையோடு பிணைத்தது. ஆயுதப் படையினருக்கு மட்டும் விலக்கு. 1981இல் சிலியில் பினோசே ஓய்வூதியத்தைத் தனியார்மயமாக்கியபோதும் ராணுவத்துக்கு இதே விலக்கு இருந்தது. திட்டம் அத்தனை நல்லதென்றால் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம்?

ஆந்திரத்தில் 2004 செப்டம்பரில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆட்சிக்கு வந்தால் ஒரு வாரத்தில் அதை ரத்து செய்வோம் என்று வாக்களித்து 2019இல் வென்ற ஜெகன் மோகன் அரசு, நான்காண்டுகள் கழித்து 2023இல் உத்தரவாத ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர்கள் கேட்டது அதுவல்ல. 2024இல் ஆட்சி மாறியும் பழைய ஓய்வூதியம் திரும்பவில்லை. இடது முன்னணி ஆண்ட மேற்கு வங்கம் இத்திட்டத்தில் சேரவே மறுத்தது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அரசு ஊழியரின் நிலையே இதுவென்றால், தனியார் ஆலைத் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் ஊதியம், பன்னிரண்டு ஆண்டுப் பணி என்றால் மாதம் 1,714 ரூபாய். உச்சவரம்பான 15,000 ரூபாயில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தாலும் 8,000ஐ எட்டாது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இதற்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஏற ஏற அந்த ஆயிரம் தேய்ந்துகொண்டே போகிறது.

முதியோர் உதவித்தொகையிலோ இன்னொரு விசித்திரம். 1960 வரை ஒரே மாவட்டமாயிருந்த சித்தூரிலும் திருத்தணியிலும் ஏழை முதியவரின் மதிப்பு இன்று வெவ்வேறு. ஆந்திர அரசு 2024 முதல் 4,000 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டில் அது 2023இல்தான் 1,200 ஆனது. ஆந்திரத்தின் 4,000ஐ வரவேற்கிறோம். போராடிப் பெற்ற கோரிக்கைகளின் சாயல் அதில் உண்டு. ஆனால் எண்பது வயதுக்குக் கீழுள்ளவருக்கு ஒன்றிய அரசு தருவது, அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் மட்டும், மாதம் 200 ரூபாய். 2007 முதல் அத்தொகை அசையவில்லை. பெருமுதலாளிகளின் வரியைக் குறைக்க மட்டும் கஜானாவில் எப்போதும் இடமிருக்கிறது.

கோரிக்கையை முழங்குவதோடு நம் கிளைகளின் வேலை முடிந்துவிடுவதில்லை. பத்தாண்டுப் பணி நிறைவடையாவிட்டால் மாத ஓய்வூதியம் இல்லை. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அவசரத் தேவைக்காக வைப்பு நிதியோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடும் தொழிலாளி, சேர்ந்த பணியாண்டுகளையும் இழக்கிறார். பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெறலாம், பழைய கணக்கைப் புதியதோடு இணைக்கலாம் என்பதை ரேணிகுண்டாவிலும் ஸ்ரீசிட்டியிலும் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? பருவகாலத் தொழிலகத்தில் ஒரு பருவம் வேலை செய்தாலும் ஓய்வூதியக் கணக்கில் அது முழு ஆண்டு என்பது இத்திட்டத்தின் விதி. மாங்கூழ் ஆலைப் பெண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் விடும் முதலாளிக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். அந்தப் பெண்களுக்குத்தான் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதித் தொழிலாளர்களின் வைப்பு நிதிக் கணக்கேடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்க்கட்டும்: முதலாளி தன் பங்கைச் செலுத்தியிருக்கிறாரா, பிறந்த தேதி ஆதாரோடு பொருந்துகிறதா, வாரிசு நியமனம் இருக்கிறதா. விடுபட்ட பெயர்களைப் பட்டியலிட்டு வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். மாங்காய்ப் பருவம் மே மாதத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஆலைத் தொழிலாளர் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.