வரப்பில் கால் வைக்கும் முன்

மழை பிடித்துவிட்டால் அகமதாபாதில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு இப்போது ஒரு புதிய ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் வந்திருக்கிறது. விடியற்காலையில் காரில் கிளம்பி, கேடா, ஆனந்த் மாவட்டங்களின் நெல்வயல்களில் சாரஸ் கொக்கு பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மணிநகர் திரும்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பறவையைப் பார்க்கிறார்கள் என்றால் வரவேற்க வேண்டியதே. ஆனால் பறவையைப் பார்க்கும் ஆர்வத்தில், அது நிற்கும் நிலம் யாருடையது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. அதைப் பற்றித்தான் சங்கத்து அன்பர்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நள்சரோவர், தோல் ஏரி போன்ற சரணாலயங்களுக்குப் போனால் நுழைவுச் சீட்டு உண்டு, காவலர் உண்டு. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல ஆள் இருக்கிறது. சாரஸ் கொக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏறக்குறைய ஆறடி வரை உயரும் இந்தப் பறவை, பறக்கும் பறவைகளில் உலகிலேயே உயரமானது. அது கூடு கட்டுவதோ, யாரோ ஒரு விவசாயி நாற்று நட்ட வயலின் நடுவில். நெல் தாள்களையும் புல்லையும் குவித்து மேடாக்கி, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தாம் வளர்த்த சாரஸ் ஜோடியைக் கவனித்து, 34 நாள் என்று நானூறு வருடங்களுக்கு முன்பே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஒரு மாதமும் பறவையைக் காப்பது விவசாயியின் பொறுமைதான். கூடு இருக்கும் இடத்தில் அவருக்கு விளைச்சல் இல்லை. இருந்தும் பலர் கூட்டைக் கலைப்பதில்லை. ஜோடி பிரியாத பறவை என்று இங்கே அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. புதுமணத் தம்பதியை அழைத்துப் போய் சாரஸ் ஜோடியைக் காட்டும் வழக்கமே குஜராத்தின் சில பகுதிகளில் இருந்தது.

நம் வேடந்தாங்கல் கதையும் இதற்குத் துணை நிற்கும். துப்பாக்கியோடு வந்த வெளியாட்களிடமிருந்து பறவைகளைக் காக்க ஊரார் முறையிட்டார்கள். 1798இல் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். கேடா விவசாயிக்கு அந்த ஆதாயமும் கிடையாது. அதனால் அவர் பொறுமைக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் நிரந்தரப் பாதைப் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்தவன். தள்ளு டிராலியில் லைனைப் பார்வையிடப் போகும்போது, கரை போட மண் எடுத்த குழிகளில் மழைத் தண்ணீர் நின்று, அதில் நீர்க்கோழியும் அரிவாள் மூக்கனும் மேய்வதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. தண்டவாளத்தில் வேலை என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பிளாக் வாங்க வேண்டும். அது கையில் வராமல் ஒரு பிஷ் போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டோம். அது அடுத்தவர் பொறுப்பில் உள்ள இடம், கேட்காமல் தொட்டால் ஆபத்து, அவ்வளவுதான். வயலும் அப்படிப்பட்ட ஒரு வேலைத்தலம் என்பது என் கருத்து.

போன மழைக்காலத்தில் கால்வாய்க் கரையில் சந்தித்த ஒரு பெரியவர் சொன்னதைக் கேளுங்கள். "சாரஸால் எனக்குப் போவது கொஞ்சம் நெல். அதைப் பார்க்க வருகிறவர்களால் போவது வரப்பு" என்றார். ஈர வரப்பில் பதினைந்து பேர் வரிசையாக நடந்தால் அது உடைகிறது. தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்குகிறது. பக்கத்து வயல்காரரோடு சண்டை வருகிறது. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குள் யாரோ ஒருவர் கூட்டின் இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட, அடுத்த வாரம் இன்னும் நான்கு கார் வருகிறது. இந்தத் தொந்தரவு ஓய அவருக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுத்த வருடம் கூடு கட்டத் தொடங்கும்போதே பறவையை விரட்டிவிடலாம். அவர் அப்படிச் செய்தால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

"பறவை பொதுச் சொத்து, பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பறவை விவசாயியின் சொத்து இல்லை, சரி. அது நிற்கும் சேறு அவருடையது. மேலும், 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. நாம் நெருங்கிப் போய்த் தாய்ப்பறவை எழுந்துவிட்டால், காத்திருக்கும் காகத்துக்கு ஒரு நிமிடம் போதும். காமிராவோடு போனவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்பதால் முட்டை திரும்பி வராது.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். ஆள் உயரப் பறவையைப் பார்க்க வயலுக்குள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கிராமச் சாலையில் நின்று ஒரு சாதாரண பைனாகுலரில் பார்த்தால் அதன் சிவந்த கழுத்து நன்றாகத் தெரியும். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் கேளுங்கள். "காகா, சாரஸ் ஜோவா ஆவ்யா சீயே, அந்தர் ஆவியே?" என்ற ஒரு வரி குஜராத்தி போதும். சித்தப்பா முறை வைத்துக் கேட்பவரை இந்த ஊரில் யாரும் சுலபத்தில் விரட்டுவதில்லை. வேண்டாம் என்றால் ஒரு நமஸ்காரம் சொல்லித் திரும்புங்கள். ஏன் என்று வாதம் வேண்டாம். மருந்து அடித்த வயலாக இருக்கலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் மோட்டார் ஒயரும் உள்ள இடத்தில் நம் பிள்ளைகளை ஓடவிட அவர் பயப்படலாம்.

ரயில்வேக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல காட்சி கிடைக்கிறது என்று ரயில் கரையில் ஏறாதீர்கள். 1989ஆம் வருட ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் கிடக்கட்டும், கண்ணில் பைனாகுலரை வைத்திருப்பவனுக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது.

நாம் பிழைக்க வந்த ஊர் இது. வயலில் நம் பிள்ளைகள் தமிழில் கூச்சலிட்டுக்கொண்டு வரப்பை மிதித்தால், அந்த விவசாயி நம் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார். "மதராஸிகள் வந்தார்கள்" என்றுதான் சொல்வார். அடுத்துப் போகும் நம் குடும்பத்துக்கு அந்தப் பேச்சுதான் முன்னால் போய் நிற்கும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. ஆளுக்கொரு பக்கம் போவதை விட்டு, பருவத்துக்கு ஒரு முறை சங்கத்தின் பெயரில் பத்துப் பேருக்கு மிகாமல் போகலாம். முன்கூட்டியே ஒருவர் போய் வயல்காரரிடம் பேசி வரட்டும். கூட்டின் இடத்தை யாரும் கைப்பேசியில் பரப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டு கிளம்பலாம். திரும்பும்போது அந்த ஊரிலேயே காய்கறியும் பாலும் வாங்கி வரலாம். எடுத்த படங்களில் ஒன்றைச் சட்டம் போட்டு அந்த விவசாயி வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த வருடம் அவரே கூப்பிட்டுக் காட்டுவார். முன்னால் போய்ப் பேசி வரும் வேலைக்கு நான் தயார்.